லிங்கனையும் அமெரிக்க உள்நாட்டுப் போரையும் முதன்முறையாகக் கற்பிக்கப் போகும் ஆசிரியர்களுக்கு

தமிழ்நாட்டில் பதினொரு ஆண்டுகள் வரலாறு கற்பித்துவிட்டு, ஆசிரியர் பரிமாற்றத் திட்டத்தின் ஜே-1 விசாவில் மேரிலாந்து மாநிலத்தின் அரசுப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் ஆசிரியராகச் சேர்ந்தேன். ஆண்டின் நடுவில், எனக்கு நன்றாகத் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்த ஒரு பாடம் வந்தது: ஆபிரகாம் லிங்கனும், தென்மாநிலங்கள் நாட்டிலிருந்து பிரிந்துபோனதால் 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரும். அந்த முதல் ஆண்டில் அதை நான் சரியாகக் கற்பிக்கவில்லை. மாணவர்கள் லிங்கனைச் சிலையாகவே பார்த்துவிட்டுப் போனார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளில் திருத்திக்கொண்டவற்றை இங்கே வரிசைப்படுத்தித் தருகிறேன். இதே திட்டத்தில் வரும் தமிழ் ஆசிரியர்களுக்கும், வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் பெற்றோருக்கும் இது நேரடியாகப் பயன்படும்.

1. முதலில் வகுப்பு வேளைகளை எண்ணுங்கள்

பள்ளி மாவட்டம் தரும் கால அட்டவணையைத்தான் இங்கே எல்லோரும் பேசிங் கைடு என்கிறார்கள். அதில் இந்தப் பாடத்துக்கு எங்களுக்கு ஒதுக்கப்பட்டது 15 வகுப்பு வேளைகள், ஒவ்வொன்றும் 48 நிமிடம். பனி விடுமுறையும் மாநிலத் தேர்வும் போக என் கைக்குக் கிடைத்தவை 11. ஆகவே அட்டவணை சொல்லும் எண்ணிக்கையிலிருந்து நான்கைக் கழித்துவிட்டுத் திட்டமிடுங்கள்.

போர்க்களங்களை ஒவ்வொன்றாக நடத்தத் தொடங்கினால் இந்த 11 வேளைகளும் கரைந்துவிடும். சம்டர் கோட்டை, ஆன்டீட்டம், கெட்டிஸ்பர்க், விக்ஸ்பர்க், அப்பொமாட்டக்ஸ் ஆகிய ஐந்து பெயர்களும் அவற்றின் தேதிகளும் எட்டாம் வகுப்புக்குப் போதும். அவற்றுக்கு இரண்டு வேளைகள் கொடுங்கள். போரின் காரணத்துக்கு இரண்டு, லிங்கனின் ஆவணங்களுக்கு ஐந்து, போர்க்கால அதிகாரம் பற்றிய விவாதத்துக்கு ஒன்று, முடிவுக்கு ஒன்று என்று பிரித்துக்கொள்வது எனக்கு ஒத்துவந்தது.

2. ஊரிலிருந்து கொண்டுவந்த லிங்கனைச் சோதித்துப் பாருங்கள்

நம் ஊரில் வளர்ந்த எவருக்கும் லிங்கன் அந்நியர் அல்லர். "மக்களால், மக்களுக்காக, மக்களே நடத்தும் ஆட்சி" என்ற வரியைக் குடிமையியல் பாடத்தில் மனப்பாடம் செய்யாதவர்கள் நம்மில் குறைவு. ஆனால் அந்த வரி 1863 நவம்பர் 19 அன்று, நான்கு மாதங்களுக்கு முன் ஏறத்தாழ 51,000 பேர் மாண்டும் காயமுற்றும் காணாமற்போயும் இருந்த கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில், வீரர்களின் கல்லறைத் தோட்டத்தைத் திறந்துவைக்கும்போது சொல்லப்பட்டது என்பதை எனக்கு எந்த ஆசிரியரும் சொல்லித் தந்ததில்லை. நானும் என் மாணவர்களுக்குச் சொல்லியதில்லை.

இதைவிட ஆபத்தான ஒன்று, லிங்கன் தன் மகனின் ஆசிரியருக்கு எழுதியதாகச் சொல்லப்படும் கடிதம். பள்ளி ஆண்டு மலர்களிலும், ஆசிரியர் தின விழா மேடைகளிலும், வாட்ஸ்அப்பிலும் அது இன்றுவரை சுற்றிவருகிறது. அதை லிங்கன் எழுதியதற்குச் சான்று இல்லை. அவருடைய தொகுக்கப்பட்ட எழுத்துகளில் அது கிடையாது. முதல் ஆண்டு, பாடத்தின் முதல் நாளன்று, நான் அந்தக் கடிதத்தைத்தான் உணர்ச்சியோடு வாசித்தேன். மூன்றாம் வரிசையில் இருந்த ஒரு மாணவி கையை உயர்த்தி, "இது எந்தத் தேதியில் எழுதப்பட்டது, மிஸ்?" என்று கேட்டாள். மூல ஆவணம் என்றால் முதலில் தேதியைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆறாம் வகுப்பிலேயே பழக்கியிருந்தார்கள். என்னிடம் தேதி இல்லை. மறுநாள் வகுப்பில், அந்தக் கடிதம் நம்பத்தக்கது அன்று என்று சொல்லித் திருத்திக்கொண்டேன். எனவே தேதியும் இருப்பிடமும் தெரியாத எதையும் வகுப்புக்குள் கொண்டுபோகாதீர்கள். கெட்டிஸ்பர்க் உரையை ரயிலில் ஓர் உறையின் பின்பக்கத்தில் கிறுக்கினார் என்ற கதையும் இதே வகைதான். லிங்கன் கையால் எழுதிய ஐந்து படிகள் இன்றும் இருக்கின்றன. அவற்றில் இரண்டை நாடாளுமன்ற நூலகத்தின் இணையதளத்தில் பார்க்கலாம்.

இணையத்தில் மூல ஆவணங்களைத் தேடக் காசு செலவழிக்கத் தேவையில்லை. வாஷிங்டனில் உள்ள நாடாளுமன்ற நூலகம், தேசிய ஆவணக் காப்பகம் ஆகிய இரண்டின் தளங்களும் இலவசம். காப்பகத்தின் டாக்ஸ்டீச் பகுதியில் ஆவணத்தின் படத்தோடு பாடப் பயிற்சிகளும் உண்டு. கில்டர் லேர்மன் நிறுவனத்தில் உங்கள் பள்ளியை இணைத்துக்கொள்ளவும் கட்டணமில்லை. பாடத்திட்டங்களை விலைக்கு விற்கும் தளத்தில் முதல் ஆண்டு நான் 40 டாலருக்கு மேல் செலவிட்டேன். வாங்கியதில் பாதிக்கு ஆவண மூலமே குறிப்பிடப்பட்டிருக்கவில்லை.

3. போரின் காரணத்தை அவர்கள் வாயாலேயே சொல்ல வையுங்கள்

தமிழ் ஆசிரியர்கள் குறிப்பாகத் தடுமாறும் இடம் இது. "தென்மாநிலங்கள் மாநில உரிமைக்காகப் போரிட்டன" என்று ஒரு மாணவரோ பெற்றோரோ சொல்லும்போது, நம் காதுக்கு அது நியாயமாகவே கேட்கும். மாநில உரிமை என்பது நம் அரசியலில் மதிப்புள்ள சொல்; மாநில சுயாட்சி என்ற கோரிக்கையைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். உள்நாட்டுப் போர் என்றாலோ, நம் மனம் இலங்கைக்குப் போய்விடும். அந்த இரண்டு நினைவுகளையும் வாசலிலேயே விட்டுவிட்டு வகுப்புக்குள் செல்லுங்கள். இங்கே பிரிந்துபோனவர்கள் யார், எதைக் காத்துக்கொள்ளப் பிரிந்தார்கள் என்பது முற்றிலும் வேறு.

விளக்கவுரை ஆற்ற வேண்டாம். முதலில் பிரிந்த தென் கரோலைனா, 1860 டிசம்பர் 24 அன்று தன் காரணங்களை எழுத்தில் வெளியிட்டது. அதிலிருந்து இரண்டு பத்திகளைக் கொடுத்து, அடிமை முறையைக் குறிக்கும் சொற்களை எல்லாம் மாணவர்களைக் கோடிட வையுங்கள். பிறகு ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த ஆவணம் எந்த மாநிலங்கள் மீது குறைப்படுகிறது, எதற்காக?" தப்பி ஓடிய அடிமைகளைத் திருப்பித் தர மறுத்துச் சட்டம் இயற்றிய வடமாநிலங்கள் மீது அது குறைப்படுகிறது. அடிமைகளை அழைத்துக்கொண்டு நியூயார்க் வழியாகப் போகக்கூட அந்த மாநில நீதிமன்றங்கள் விடுவதில்லை என்றும் சொல்கிறது. அதாவது வடமாநிலங்கள் தம் மாநில உரிமையைப் பயன்படுத்தியதே அங்கே குற்றச்சாட்டு. இதை ஒரு மாணவர் தானாகக் கண்டுபிடித்துச் சொல்லும் நிமிடத்துக்காக நீங்கள் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். என் வகுப்பில் அதற்கு இருபது நிமிடம் ஆனது. மிசிசிப்பியின் அறிவிக்கையோ, தங்கள் நிலைப்பாடு அடிமை முறையோடு முழுமையாகப் பிணைந்தது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது.

எண்களைச் சேர்த்துக் கொடுங்கள். 1860 மக்கள்தொகைக் கணக்கின்படி நாட்டில் சுமார் 3.14 கோடிப் பேர், அவர்களில் 39.5 லட்சம் பேர் அடிமைப்படுத்தப்பட்டவர்கள். பிரிந்த மாநிலங்கள் 11. அடிமை முறை இருந்தும் பிரியாத எல்லை மாநிலங்கள் மிசோரி, கென்டக்கி, மேரிலாந்து, டெலவேர். இந்த நான்கின் பெயரையும் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள். பின்னால் வரும் எல்லாக் குழப்பத்துக்கும் விடை இந்த நான்கில்தான் இருக்கிறது.

4. எட்டு ஆவணங்களைத் தேதி வரிசையில் வையுங்கள்

லிங்கனைப் பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. அடிமைகளை விடுவித்த புனிதர் என்பது ஒன்று. அடிமைகளைப் பற்றி அக்கறையே இல்லாத அரசியல்வாதி என்பது மற்றொன்று. இரண்டு கட்சியும் ஒரே ஓர் ஆவணத்தை எடுத்து ஆட்டிக்காட்டித்தான் பேசுகின்றன. ஆவணங்களைத் தேதிப்படி அடுக்கினால், நான்கு ஆண்டுகளில் ஒரு மனிதர் எங்கிருந்து எங்கு வந்தார் என்பதும், அவரைத் தள்ளியவர்கள் யார் என்பதும் தெரியும். நான் பயன்படுத்தும் எட்டில் முதலாவதை, தென் கரோலைனாவின் அறிவிக்கையை, மேலே சொல்லிவிட்டேன்.

இரண்டாவது, 1861 மார்ச் 4 பதவியேற்புரை. அடிமை முறை இருக்கும் மாநிலங்களில் அதில் தலையிடும் நோக்கம் தனக்கு இல்லை என்று லிங்கன் அதில் வெளிப்படையாகச் சொல்கிறார். மாணவர்கள் அதிர்ச்சி அடைவார்கள். அடையட்டும்.

மூன்றாவது, 1862 ஆகஸ்ட் 22 அன்று செய்தித்தாள் ஆசிரியர் ஹொரஸ் கிரீலிக்கு எழுதிய கடிதம். இந்தப் போராட்டத்தில் தன் தலையாய நோக்கம் ஒன்றியத்தைக் காப்பதே, அடிமை முறையைக் காப்பதோ அழிப்பதோ அன்று என்கிறார். பெரும்பாலான பயிற்சித்தாள்கள் இந்த இடத்தில் வெட்டிவிடுகின்றன. அதைச் செய்யாதீர்கள். எங்குமுள்ள எல்லா மனிதரும் விடுதலையோடு இருக்க வேண்டும் என்ற தன் தனிப்பட்ட விருப்பத்தில் மாற்றம் இல்லை என்று கடைசி வரியில் சொல்கிறார். அதோடு, ஒரு மாதத்துக்கு முன்பே, ஜூலை 22 அன்று, விடுதலைப் பிரகடனத்தின் வரைவைத் தன் அமைச்சரவைக்கு வாசித்துக் காட்டியிருந்தார். அந்தத் தேதியைப் பலகையில் எழுதிவிட்டு, "வரைவை மேசையில் வைத்துக்கொண்டு ஏன் இப்படி ஒரு கடிதம் எழுதினார்?" என்று கேட்டால், அன்றைய வகுப்பு தானாக நடக்கும்.

நான்காவது, 1863 ஜனவரி 1 விடுதலைப் பிரகடனம். பிரிந்துபோய்க் கிளர்ச்சியில் இருந்த பகுதிகளின் அடிமைகளுக்கு மட்டும் விடுதலை அறிவித்த ஆவணம் இது. ஆன்டீட்டத்தில் 1862 செப்டம்பர் 17 அன்று ஒரே நாளில் சுமார் 23,000 பேர் இறந்தும் காயமடைந்தும் காணாமற்போயும் இருந்தனர். அந்தப் போருக்கு ஐந்து நாள் கழித்து முன்னறிவிப்பு வந்தது, ஜனவரியில் இறுதி ஆவணம் வந்தது. இதில் மாணவர்களுக்கு ஒரு வரைபடம் கொடுங்கள். பிரகடனம் யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்று வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். சுவரில் ஒட்டிய நான்கு எல்லை மாநிலங்களும் வண்ணமின்றி வெள்ளையாகவே நிற்கும். டென்னஸி முழுவதும், லூசியானாவின் 13 பகுதிகளும், வர்ஜீனியாவின் சில பகுதிகளும் அப்படியே. ஆனால் இதே ஆவணம்தான் கறுப்பின ஆண்களைப் படையில் சேர்க்க வழிசெய்தது என்பதையும், போர் முடிவதற்குள் ஏறத்தாழ 1,79,000 பேர் தரைப்படையில் சேர்ந்தார்கள் என்பதையும் அதே வகுப்பில் சொல்லிவிட வேண்டும். மறுநாளைக்குத் தள்ளிவைத்தால் அரைகுறைச் செய்தியோடு பிள்ளைகள் வீட்டுக்குப் போவார்கள்.

ஐந்தாவது, அந்தப் படைவீரர்களில் ஒருவரான கார்ப்பரல் ஜேம்ஸ் ஹென்றி குடிங், 1863 செப்டம்பர் 28 அன்று லிங்கனுக்கு எழுதிய கடிதம். வெள்ளை வீரருக்கு மாதம் 13 டாலர். கறுப்பின வீரருக்கு 10 டாலர், அதிலும் உடைக்கு 3 டாலர் பிடித்தம். நாங்கள் படைவீரர்களா, கூலிகளா என்று அவர் கேட்கிறார். நாடாளுமன்றம் 1864 ஜூனில்தான் சம ஊதியச் சட்டம் இயற்றியது. குடிங் அதற்கு முன்பே சிறைப்பட்டிருந்தார். 1864 ஜூலையில் ஆண்டர்சன்வில் சிறை முகாமில் இறந்தார்.

ஆறாவது கெட்டிஸ்பர்க் உரை. சுமார் 270 சொற்கள்தான், ஆகவே வெட்டாமல் முழுமையாகக் கொடுங்கள். தொடக்கத்தில் வரும் "நான்கு இருபதும் ஏழும்" என்பதை மாணவர்களையே கணக்கிட வையுங்கள்: 1863-இலிருந்து 87-ஐக் கழித்தால் 1776. அரசமைப்புச் சட்டம் எழுதப்பட்ட 1787-ஐ விட்டுவிட்டு, எல்லா மனிதரும் சமம் என்ற அறிவிப்பு வந்த ஆண்டை ஏன் நாட்டின் பிறப்பாக எடுத்துக்கொண்டார் என்பது எட்டாம் வகுப்புப் பிள்ளைகளால் பேச முடிந்த கேள்விதான்.

ஏழாவதைத் தனியாகச் சொல்கிறேன். எட்டாவது, 1865 மார்ச் 4 அன்று ஆற்றிய இரண்டாம் பதவியேற்புரை. ஏறத்தாழ 700 சொற்கள். கடைசி இரண்டு பத்திகள் போதும். 1861 உரையின் துண்டையும் இதையும் ஒரே தாளின் இரு பக்கங்களில் அச்சிட்டுக் கொடுங்கள். நான்கு ஆண்டு இடைவெளி அந்தத் தாளைத் திருப்பும்போதே புலப்படும்.

உங்கள் சொந்த வாசிப்புக்கு இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 1864 ஏப்ரல் 4 அன்று கென்டக்கியைச் சேர்ந்த ஆல்பர்ட் ஹாட்ஜஸுக்கு எழுதிய கடிதம். அடிமை முறை தவறில்லை என்றால் எதுவுமே தவறில்லை என்று சொல்லும் அதே கடிதத்தில், நிகழ்ச்சிகளைத் தான் நடத்தியதாகச் சொல்லிக்கொள்ளவில்லை, நிகழ்ச்சிகளே தன்னை நடத்தின என்றும் லிங்கன் ஒப்புக்கொள்கிறார். இந்தப் பாடம் முழுவதற்கும் நான் சாய்ந்துநிற்கும் தூண் அந்த வாக்கியம்தான்.

5. ஒரு முழு வகுப்பை ஆனி டேவிஸுக்குக் கொடுங்கள்

ஏழாவது ஆவணம் ஒரு சிறு காகிதம். மேரிலாந்தின் பெல் ஏர் ஊரிலிருந்து ஆனி டேவிஸ் என்ற அடிமைப்படுத்தப்பட்ட பெண் 1864 ஆகஸ்ட் 25 அன்று லிங்கனுக்கு எழுதியது. ஏறத்தாழ 60 சொற்கள். விடுதலை பெற வேண்டும் என்பது தன் விருப்பம், கிழக்குக் கரையில் இருக்கும் தன் உறவுகளைப் பார்க்கப் போக வேண்டும், எசமானி விடவில்லை, நாங்கள் விடுதலை பெற்றுவிட்டோமா, நான் என்ன செய்யலாம் என்று தெரிவியுங்கள், இந்த வாரமே பதில் அனுப்புங்கள், அல்லது முடிந்தவரை விரைவாக. அவ்வளவுதான் கடிதம்.

இதை நான் நடத்தும் முறை இது. முதல் ஐந்து நிமிடம் கையெழுத்துப் படியைத் திரையில் காட்டி, வாசிக்க முயலச் சொல்வேன். பிறகுதான் அச்செழுத்தில் கொடுப்பேன். எழுத்துப்பிழைகளைத் திருத்தித் தர வேண்டாம். அவர் எழுதியபடியே இருக்கட்டும். பல தென்மாநிலங்களில் அடிமைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பதே சட்டவிரோதமாக இருந்த காலம் அது. அடுத்து, நீங்கள் வெள்ளை மாளிகையில் ஓர் உதவியாளர், இந்தப் பெண்ணின் கேள்விக்குச் சட்டப்படி சரியான விடையை எழுதுங்கள் என்பேன். பாதிப் பேர் உடனே "ஆம், விடுதலை பெற்றுவிட்டீர்கள்" என்று எழுதுவார்கள். பிரகடனம் வந்து ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டதே என்பது அவர்கள் கணக்கு. அப்போது ஒருவர் சுவரில் உள்ள நான்கு பெயர்களைத் திரும்பிப் பார்ப்பார். கடந்த ஆண்டு அப்படித் திரும்பிப் பார்த்தது, பெல் ஏருக்கு அருகிலேயே பாட்டி வீடு இருக்கும் ஒரு மாணவன். "மேரிலாந்து பிரியவே இல்லை. அப்படியானால் இவருக்கு விடுதலை இல்லை" என்று சொல்லிவிட்டு, தான் எழுதியதை அழித்தான். வகுப்பில் சிறிது நேரம் எவரும் பேசவில்லை.

1864 நவம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்த மேரிலாந்தின் புதிய அரசமைப்பு அடிமை முறையை ஒழித்தது என்பதையும், அது 375 வாக்கு வேறுபாட்டில்தான் நிறைவேறியது என்பதையும் வகுப்பின் கடைசி ஐந்து நிமிடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

6. ஆவணங்களை வெட்டுவதற்கும் அச்சிடுவதற்கும் ஒரு வார இறுதி ஒதுக்குங்கள்

19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலம் பிள்ளைகளுக்குக் கடினம். புலம்பெயர்ந்து வந்து ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் மாணவர்களுக்கு இன்னும் கடினம். ஓர் ஆவணத்துக்கு 150 முதல் 250 சொற்கள் என்று வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். வெட்டிய இடங்களில் மூன்று புள்ளி வையுங்கள். அருஞ்சொற்களுக்கு ஓரத்தில் பொருள் எழுதுங்கள், ஆனால் சொல்லையே மாற்றிவிடாதீர்கள். மாற்றினால் அது மூல ஆவணம் ஆகாது. மேலே தேதி, எழுதியவர், யாருக்கு எழுதினார் என்ற மூன்று வரிகள் எல்லாத் தாள்களிலும் ஒரே இடத்தில் இருக்கட்டும். பள்ளி நகல் இயந்திரத்தில் ஆசிரியருக்கு மாத வரம்பு இருக்கும்; எனக்கு அது பாதியிலேயே தீர்ந்துபோய், கடையில் 60 டாலருக்கு நகல் எடுக்க வேண்டியதாயிற்று. நான்கு பேருக்கு ஒரு தொகுப்பு என்று பிளாஸ்டிக் உறையில் போட்டுவைத்தால் எல்லா வகுப்புகளுக்கும் அடுத்த ஆண்டுக்கும் அதுவே போதும்.

7. செய்யவே கூடாதவை

அடிமை ஏலம், தப்பியோடுதல், தோட்ட உரிமையாளர் என்று எந்த வேடமும் மாணவர்களுக்குப் போடாதீர்கள். நம் பள்ளிகளில் வரலாற்றை நாடகமாக நடிக்கவைப்பது வழக்கம் என்பதால் இந்த எண்ணம் நமக்கு இயல்பாகவே வரும். இங்கே அது பிள்ளைகளைக் காயப்படுத்தும். உங்கள் வேலையையும் பறிக்கலாம். வகுப்பில் உள்ள கறுப்பின மாணவர்களைப் பார்த்து, "உங்கள் குடும்பத்தில் என்ன சொல்வார்கள்?" என்று கேட்பதும் கூடாது. அவர்கள் தாமாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

சொற்களைப் பற்றி முன்கூட்டியே ஒரு முடிவு எடுங்கள். 'ஸ்லேவ்' என்பதற்குப் பதிலாக 'என்ஸ்லேவ்ட் பீப்பிள்' என்றே இப்போது பெரும்பாலான பள்ளிகளில் சொல்கிறார்கள். அடிமை என்பது ஒருவரது இயல்பு அன்று, அவர் மீது செய்யப்பட்ட செயல் என்பதை அது நினைவூட்டுகிறது. ஆவணங்களில் வரும் பழைய இனப்பெயர்களை எப்படிக் கையாள்வது என்பதைத் துறைத் தலைவரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். பாடம் தொடங்க இரண்டு வாரம் முன்பே பெற்றோருக்கு ஒரு பக்கக் கடிதம் அனுப்பி, எந்தெந்த ஆவணங்களைப் படிக்கப்போகிறோம் என்று பட்டியலிட்டுவிட்டால் பிற்பாடு வரும் மின்னஞ்சல்கள் பெருமளவு குறையும்.

8. போர்க்கால அதிகாரத்தை விவாதமாக நடத்துங்கள்

1861 ஏப்ரல் 27 அன்று, பிலடெல்ஃபியாவுக்கும் வாஷிங்டனுக்கும் இடைப்பட்ட படைப்பாதையில் ஆட்கொணர்வு உரிமையை நிறுத்திவைக்க லிங்கன் அதிகாரம் அளித்தார். மேரிலாந்துக்காரர் ஜான் மெரிமேன் கைதானபோது, தலைமை நீதிபதி ரோஜர் டானி, குடியரசுத் தலைவருக்கு அந்த அதிகாரம் இல்லை என்று எழுதினார். ஒரு சட்டம் மீறப்படக் கூடாது என்பதற்காக மற்ற எல்லாச் சட்டங்களும் செயலற்றுப் போவதா என்று ஜூலை 4 அன்று நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய செய்தியில் லிங்கன் கேட்டார். வகுப்பை இரண்டாகப் பிரித்து இரு தரப்பையும் எழுத வையுங்கள். ஆட்கொணர்வு மனு என்றால் என்ன என்பதை விளக்கப் பத்து நிமிடம் வேண்டும், அதைக் குறைக்காதீர்கள்.

9. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பியுங்கள்

முதல் ஆண்டு, மாணவர்களை வரலாற்று இடங்களுக்கு அழைத்துப்போகப் பிப்ரவரியில் பேருந்து கேட்டேன். ஏப்ரல், மே மாதங்களில் ஒரு நாள்கூட மீதம் இருக்கவில்லை, பயணம் நின்றுபோனது. வசந்த காலப் பயணத்துக்கு அக்டோபரிலேயே படிவம் கொடுத்துவிடுங்கள். தேவைப்படும் தாள்கள்: முதல்வரின் ஒப்புதல், பள்ளி மாவட்டத்தின் பயணப் படிவம், பெற்றோர் கையொப்பமிட்ட அனுமதிச் சீட்டு, ஒவ்வாமையும் மருந்தும் பற்றிய பள்ளிச் செவிலியரின் பட்டியல், உடன்வரும் பெரியவர்களின் பின்னணிச் சரிபார்ப்பு. கடைசியாகச் சொன்னதில் கைரேகைப் பதிவும் சேர்ந்தால் பல வாரங்கள் ஆகலாம். பெற்றோரை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கெட்டிஸ்பர்க் போர்க்களத்துக்கும் வீரர் கல்லறைத் தோட்டத்துக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. அருங்காட்சியகத்துக்கும், போரைச் சித்திரிக்கும் வட்ட ஓவியத்துக்கும் உண்டு. உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவரைக் கட்டணம் செலுத்தி உங்கள் பேருந்திலேயே ஏற்றிக்கொள்ளலாம். பணத்தை எங்காவது செலவிடுவதென்றால் அங்கே செலவிடுங்கள். வாஷிங்டனைத் தேர்ந்தெடுத்தால் லிங்கன் நினைவகம் இலவசம். அதன் தெற்குச் சுவரில் கெட்டிஸ்பர்க் உரையும், வடக்குச் சுவரில் இரண்டாம் பதவியேற்புரையும் செதுக்கப்பட்டுள்ளன. வகுப்பில் படித்த வரிகளைப் பிள்ளைகள் கல்லில் தேடிக் கண்டுபிடிப்பார்கள். 1865 ஏப்ரல் 14 இரவு அவர் சுடப்பட்ட ஃபோர்டு அரங்குக்கு நேரம் குறித்த நுழைவுச் சீட்டு தேவை. மறுநாள் காலை அவர் இறந்த பீட்டர்சன் இல்லம் தெருவின் எதிர்ப்புறத்தில் இருக்கிறது. எங்கள் இரண்டு பேருந்துகளுக்கு மட்டும் 1,600 டாலர் ஆனது. பணம் கட்ட முடியாத பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் நிலை வரக்கூடாது என்பதால், பெற்றோர் சங்கத்திடம் முதலிலேயே பேசினோம். போர்க்களப் பயணங்களுக்கு உதவும் அமெரிக்கன் பேட்டில்ஃபீல்ட் டிரஸ்ட் போன்ற அமைப்புகளுக்கும் விண்ணப்பிக்கலாம்.

10. தேர்வைத் தேதிக் கயிற்றில் முடியுங்கள்

பலவுள் தெரிவு வினாக்களை மாவட்டமே தந்துவிடும். என் பங்குக்கு நான் வைப்பது ஒரே கேள்வி: "1861 மார்ச்சுக்கும் 1865 மார்ச்சுக்கும் இடையே லிங்கனின் நிலைப்பாடு மாறியதா? மாறியது என்றால், மாற்றியவர் யார்? மூன்று ஆவணங்களைத் தேதியோடு காட்டு." ஒரு வகுப்பு வேளை முழுவதும் எழுத விடுங்கள், ஆவண உறைகளைத் திறந்து பார்த்து எழுதலாம். ஒரு வகுப்புக்கு 28 விடைத்தாள்கள் திருத்த எனக்கு நான்கு மணி நேரம் ஆகிறது.

இதற்கு ஆதாரமாக, முதல் நாளிலிருந்தே வகுப்பின் ஒரு சுவரில் கயிறு கட்டி, ஒவ்வோர் ஆவணத்தையும் படித்து முடித்ததும் அதன் தேதியை ஓர் அட்டையில் எழுதித் தொங்கவிடச் செய்யுங்கள். கயிற்றை லிங்கன் இறந்த ஏப்ரல் 15-இல் நிறுத்திவிடாதீர்கள், அதுதான் எல்லோரும் செய்யும் தவறு. டெக்சஸின் கால்வெஸ்டனில் விடுதலை அறிவிக்கப்பட்ட 1865 ஜூன் 19-க்கு ஓர் அட்டை வேண்டும். அடிமை முறையை நாடு முழுவதும் ஒழித்த அரசமைப்பின் 13-ஆம் திருத்தம் போதுமான மாநிலங்களின் ஒப்புதலைப் பெற்ற டிசம்பர் 6-க்கு ஓர் அட்டை வேண்டும். டெலவேரிலும் லிங்கன் பிறந்த கென்டக்கியிலும் மிச்சமிருந்தவர்களுக்கு அந்தத் திருத்தம்தான் விடுதலை தந்தது. கென்டக்கி தன் ஒப்புதலை அளித்தது 1976-இல். அந்த அட்டையை எழுதிய மாணவிக்குக் கயிறு போதவில்லை. கதவைத் தாண்டி, தாழ்வாரத்தில் இருந்த அறிவிப்புப் பலகை வரை அதை நீட்டிக் கட்டினோம்.